சாவி யார் கையில்? 19ஆம் நூற்றாண்டுத் திருமணக் கதைகளில் எதை முதலில் படிப்பது?

"கல்யாணத்துக்குள் அடைபட்டுக் கிடந்த பெண்களைப் பற்றி அந்தக் காலத்தில் எழுதியதில் ஒன்றே ஒன்று படிக்கலாம் என்றால் எதைப் படிக்கட்டும்?" எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முன்பெல்லாம் யோசிக்காமல் 'மேடம் பொவாரி' என்று சொல்லிவிடுவேன். பேர் பெற்ற நாவல், வேறென்ன வேண்டும் என்று நினைப்பு. அதை எடுத்த வருடம் ஒன்பது பேரில் நாலு பேர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒருவர், "இவளுக்கு என்னதான் குறை?" என்று கேட்டார். நல்ல வாசகர் அவர். தப்பான நேரத்தில் அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தது நான்தான்.

அதனால் இந்த முறை ஐந்து நூல்களையும் வரிசையாகத் திரும்பப் படித்தேன். படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஐந்திலும் ஒரு சாவியோ பூட்டோ வருகிறது. அது யார் கையில் இருக்கிறது, யார் பிடுங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் ஒவ்வொரு நூலும் எதைப் பற்றியது என்பது தெரிந்துவிடுகிறது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது, அவளை அடைத்து வைப்பது எது என்பதை. சட்டமா, பணமா, மருத்துவமா, ஊர் வாயா, அவளே வளர்த்துக்கொண்ட கனவா? எல்லாக் கதையிலும் எல்லாமே கொஞ்சம் இருக்கும், ஆனால் ஒன்று முன்னால் நிற்கும். உங்களை எது உறுத்துகிறதோ அதிலிருந்து தொடங்கினால் புத்தகம் கையை விட்டுப் போகாது.

இரண்டாவது, கதையை யார் சொல்கிறார்கள் என்பது. அவளே சொல்கிறாளா, வெளியிலிருந்து ஒருவர் சொல்கிறாரா? முதல்முறை படிக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

மூன்றாவது நேரம். நாலாவது, அட்டையைப் பார்த்தால் தெரியாத செலவுகள். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய சட்டம், வெட்டிக் குறைத்த பதிப்பு, முடித்த பிறகு மனசில் தங்கிவிடும் பாரம், எல்லாம் இதில் அடக்கம்.

'மிடில்மார்ச்', 'அன்னா கரேனினா' இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இரண்டும் எனக்கு உயிர். ஆனால் அவற்றின் பரப்பு பெரிது, ஒரு திருமணத்தோடு நிற்பதில்லை. முதல் புத்தகமாகச் சரிவராது.

| நூல் | ஆண்டு | முன்னால் நிற்கும் பூட்டு | சொல்பவர் | ஆகும் நேரம் |
|---|---|---|---|---|
| தி யெல்லோ வால்பேப்பர் | 1892 | மருத்துவம் | அவளே | ஒரு மணி நேரம் |
| பொம்மை வீடு | 1879 | பணம், கையெழுத்து | நாடகம் | ஒரு மாலை |
| தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால் | 1848 | சட்டம் | அவள் டைரியும் ஒரு ஆணும் | மூன்று, நான்கு வாரம் |
| மேடம் பொவாரி | 1857 | கனவும் கடனும் | வெளியாள் | மூன்று வாரம் |
| எஃபி ப்ரீஸ்ட் | 1895 | ஊர் வாய் | வெளியாள் | இரண்டு வாரம் |

## தி யெல்லோ வால்பேப்பர் – சார்லட் பெர்கின்ஸ் கில்மன்

ஐந்தில் இது மட்டும்தான் சிறுகதை. குழந்தை பெற்று மனம் தளர்ந்திருக்கும் ஒரு பெண்ணை, டாக்டரான கணவன் கோடைக்கு ஒரு பழைய பங்களாவுக்குக் கூட்டிப்போகிறான். ரோஜாக்கள் தெரியும் கீழ் அறை வேண்டும் என்கிறாள் அவள். அவன் மாடியில் இருக்கும் அறையைத் தேர்ந்தெடுக்கிறான். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, நகர்த்த முடியாதபடி தரையோடு ஆணியடித்த கட்டில், சுவரில் கிழிந்துபோன மஞ்சள் வால்பேப்பர். எழுதக் கூடாது என்பது அவன் உத்தரவு. அவள் ஒளித்து ஒளித்து எழுதும் குறிப்புகள்தான் நாம் படிக்கும் கதை. அவன் வரும் சத்தம் கேட்டதும் எழுதுவது பாதியில் நின்றுவிடுகிறது.

அவன் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. செல்லமாகத்தான் கூப்பிடுகிறான். கையில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போகிறான், படுக்க வைத்துப் புத்தகம் படித்துக் காட்டுகிறான். கதையின் பயங்கரமே இதுதான். 'உன் நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தைக்கு அவளிடம் பதில் இல்லை.

இதில் பெயர் சொல்லியே வரும் வெய்ர் மிட்செல் நிஜ மனிதர், ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற நரம்பு மருத்துவர். பெண்களைப் படுக்க வைத்து, நிறைய ஊட்டி, யாரையும் பார்க்க விடாமல், படிக்கவும் எழுதவும் விடாமல் வைக்கும் 'ஓய்வுச் சிகிச்சை' அவருடையது. 1887இல் கில்மனே அவரிடம் சிகிச்சை பெற்றார். ஆயுசுக்கும் பேனாவைத் தொடாதே என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பினார்களாம். அதன்படி நடந்து பைத்தியத்தின் விளிம்புவரை போய் வந்ததாகக் கில்மன் பின்னாளில் எழுதினார்.

கடைசியில் அறையைப் பூட்டிக்கொள்பவள் அவள்தான். சாவியை ஜன்னல் வழியே கீழே எறிந்துவிட்டு, வாசற்படிப் பக்கம் 'பிளான்டெய்ன்' இலைக்கு அடியில் கிடக்கிறது என்று கணவனிடம் பொறுமையாகச் சொல்கிறாள். இந்த இடத்தில் நம் ஆட்கள் வாழை இலையைக் கற்பனை செய்துகொள்வார்கள், நானும் செய்திருக்கிறேன். அது அங்கே நடைபாதை ஓரத்தில் முளைக்கும் ஒரு சின்னக் களைச்செடி. அந்தச் சின்ன இலை மறைக்கும் அளவுக்குத்தான் சாவி பக்கத்தில் கிடக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சோர்வில் இப்போது இருப்பவர்களிடம் இதைக் கொடுக்காதீர்கள். மற்றது, சின்னக் கதை என்பதால் பேய்க்கதை மாதிரி படித்து முடித்துவிடுகிற ஆபத்து. எழுத்தாளரைக் கொண்டாடும் முன் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கில்மனின் பிற்காலக் கட்டுரைகளில் இனவெறி வெளிப்படையாகவே இருக்கிறது.

நேரமே இல்லை, ஆனாலும் இன்று ராத்திரி ஒன்று படிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது.

## பொம்மை வீடு – ஹென்ரிக் இப்சன்

நாலு பேர் சேர்ந்திருந்தால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். மூன்று அங்கம், கிறிஸ்துமஸை ஒட்டிய மூன்று நாள் கதை. 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதல் மேடையேற்றம்.

கணவனின் உயிரைக் காப்பாற்ற நோரா அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறாள். கணவன் சம்மதமில்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்று அவள் தோழியே முதல் அங்கத்தில் சொல்லிவிடுகிறாள். அதனால் நோரா அப்பா பெயரில் ஜாமீன் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறாள். பத்திரத்தில் தேதி அக்டோபர் 2. அப்பா இறந்தது செப்டம்பர் 29. இறந்து மூன்று நாள் கழித்து ஒருவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று கடன் கொடுத்தவன் கேட்கும்போது படிக்கிற நமக்கே வயிற்றைப் பிசையும். நார்வேயில் கல்யாணமான பெண்ணுக்குத் தன் பொறுப்பில் சட்டபூர்வமாக நடந்துகொள்ளும் உரிமை வந்தது 1888இல்தான்.

சாவி இங்கே தபால் பெட்டியில் இருக்கிறது. வாசல் கதவில் மாட்டிய பெட்டி, சாவி கணவன் டோர்வால்டிடம் மட்டும். அவளைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் உள்ளே விழுந்தபின், கண்ணாடி வழியே அதைப் பார்க்கலாம், எடுக்க முடியாது. மூன்றாம் அங்கத்தில் டோர்வால்ட் பெட்டியைத் திறக்கப் போனால் பூட்டுக்குள் ஒடிந்த ஹேர்பின் ஒன்று. "உன்னுடையதாச்சே?" என்கிறான். குழந்தைகள் வேலையாக இருக்கும் என்கிறாள் நோரா. எட்டு வருஷ இல்லறத்தை அந்த ஒடிந்த ஹேர்பினைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

இதன் நிஜக்கதை இன்னும் கசப்பு. இப்சனுக்குத் தெரிந்த லாரா கீலர் என்ற எழுத்தாளர், காசநோய் வந்த கணவனுக்காக ரகசியமாகக் கடன் வாங்கினார். நாடகத்தில் நோரா தானே கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள். லாராவையோ அவர் கணவன் மனநோய் விடுதிக்கு அனுப்பினான், குழந்தைகளிடமிருந்து பிரித்தான்.

இதற்கும் ஒரு மறைந்த செலவு உண்டு. ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் முடிவில் நடிக்க மறுத்துவிட்டார். வேறு யாராவது மாற்றி எழுதிக் கெடுப்பதற்குள் இப்சனே ஒரு மாற்று முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா, தூங்கும் குழந்தைகளைப் பார்த்துத் தடுமாறிக் கீழே சரிந்துவிடுகிறாள். தன் நாடகத்துக்கு இழைக்கப்பட்ட காட்டுமிராண்டித்தனம் என்று இப்சனே அதைச் சொன்னார். நீங்கள் பார்க்கும் மேடையேற்றத்தில் நோரா வீட்டிலேயே தங்கிவிட்டால் அது அந்த முடிவு. உங்களுக்குக் கிடைக்க வேண்டிய நாடகம் அது கிடையாது.

கட்டாயம் வாய்விட்டுப் படியுங்கள். 1886 ஜனவரியில் லண்டனில் கார்ல் மார்க்ஸின் கடைசி மகள் எலினார் தன் வீட்டில் நண்பர்களைக் கூட்டி இப்படித்தான் படித்தார். எலினார் நோரா, அவருடன் வாழ்ந்த எட்வர்ட் ஏவ்லிங் கணவன், பெர்னார்ட் ஷா கடன் கொடுத்தவன்.

## தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால் – ஆன் பிரான்டே

தனியாகப் படிக்கிறவர்களுக்கு என் முதல் தேர்வு இது. பிரான்டே சகோதரிகளில் கடைசியானவர் எழுதியது. அக்காமார் இருவரின் நாவல்களும் உலகம் சுற்றிவர, இது மட்டும் பின்னால் நின்றுவிட்டது. அதில் எனக்கு நியாயமான கோபம் உண்டு.

'ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் திருந்திவிடுவான்' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, ஹெலன் அதை நம்பித்தான் கழுத்தை நீட்டுகிறாள். அத்தை முன்கூட்டியே எச்சரிக்கிறாள். 'நான் திருத்திவிடுவேன்' என்கிறாள் பெண். ஆர்தர் ஹன்டிங்டன் திருந்தவில்லை. குடி, நண்பனின் மனைவியோடு உறவு, அப்புறம் தன் சின்னப் பையனுக்கே ஒயின் ஊற்றிக் கொடுத்து, கெட்ட வார்த்தை பேசப் பழக்கிச் சிரிப்பது.

பையனைக் காப்பாற்ற ஓடிப்போக முடிவு செய்கிறாள் ஹெலன். படம் வரைந்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறாள். கணவன் ஒரு ராத்திரி அவள் டைரியைப் பிடுங்கிப் படித்துவிடுகிறான். 40ஆம் அத்தியாயம் அது. சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். வரைபலகை, வண்ணங்கள், தூரிகை எல்லாம் கணப்பு நெருப்பில் விழுகின்றன. அவளிடமிருந்த பணமும் நகையும் அவன் கைக்குப் போகின்றன. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இதில் எதுவுமே குற்றம் இல்லை. மனைவியின் கைப்பொருளும் சம்பாத்தியமும் கணவனுக்குச் சொந்தம்.

கதை நடப்பது 1820களில். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தில் மனுப் போடலாம் என்ற சட்டமே 1839இல்தான் வந்தது. மனைவியின் சம்பாத்தியத்தை அவளுக்கே ஆக்கிய சட்டம் 1870இல். இந்த இரண்டு வருடங்களை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் ஹெலன் ஏன் அப்படி நடந்துகொள்கிறாள் என்பது புரிந்துவிடும். பிறகு தப்பி வந்து வைல்ட்ஃபெல் ஹால் என்ற பழைய வீட்டில் ஒளிந்து வாழும்போது தான் வரையும் படத்தின் மூலையில் பொய்யான முதலெழுத்துகள் போடுகிறாள், படத்திலிருக்கும் வீட்டுக்கே வேறு ஊர்ப்பெயர் வைக்கிறாள். பையன் வாய்தவறி, அம்மா வரையும் படமெல்லாம் லண்டனுக்குப் போகும், அங்கே விற்றுப் பணம் அனுப்புவார்கள் என்று விருந்தாளியிடம் உளறிவிடுகிறான். சின்னக் காட்சிதான். அவள் தன் பிழைப்பையே திருட்டுப் பொருள் மாதிரி ஒளிக்க வேண்டியிருக்கிறது.

மறைந்த செலவுகளில் முக்கியமானது பதிப்பு. ஆன் 1849இல் இறந்தார். இந்த நாவலுக்கு அவர் எடுத்த விஷயமே தவறு என்று அக்கா சார்லட் எழுதினார், ஆன் இறந்த பிறகு மறுபதிப்பு வரவிடாமல் தடுத்தார். 1854இல் வந்த மலிவுப் பதிப்பு பல பகுதிகளை வெட்டிவிட்டது, அதைப் பார்த்தே பிற்காலப் பதிப்புகள் பலவும் அச்சாயின. வாங்கும் முன் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஹால்ஃபோர்ட் என்ற நண்பனுக்கு எழுதும் கடிதத்தோடு தொடங்கினால் நல்லது. நேரே 1827 இலையுதிர்காலத்தில் தொடங்கினால் அது வெட்டுப்பட்ட பதிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, முதல் 15 அத்தியாயங்களைக் கில்பர்ட் என்ற இளைஞன் சொல்கிறான். எனக்கு அவன்மேல் பெரிய பிரியம் இல்லை, கோபக்காரன், பொறாமைக்காரன். பொறுத்துக்கொள்ளுங்கள். 16ஆம் அத்தியாயத்தில் ஹெலனின் டைரி திறக்கும், 44 வரை போகும். அதன்பின் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டீர்கள்.

## மேடம் பொவாரி – குஸ்தாவ் ஃப்ளோபேர்

எழுத்தின் நுணுக்கத்தில் இந்த ஐந்தில் முதலிடம் இதற்குத்தான், சந்தேகமில்லை. ஆனால் எம்மாவுக்காகக் கதைசொல்லி வாதாடுவதில்லை. அவள் கணவன் சார்ல்ஸ் கொடுமைக்காரனும் இல்லை, சாதுவான சிற்றூர் டாக்டர். அதனால்தான் "என்ன குறை?" என்ற கேள்வி எழுகிறது. பதில் ஒரே பத்தியில் இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போது ஆண் பிள்ளை வேண்டும் என்று ஆசைப்படுகிறாள் எம்மா. ஆணென்றால் எங்கும் போகலாம், எதையும் ருசி பார்க்கலாம். பெண்ணின் மனசோ நாடாவில் கட்டிய தொப்பித் திரை மாதிரி, எந்தக் காற்றுக்கும் படபடக்கும், பறக்க முடியாது. பெண் பிறந்தது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மயங்கிவிடுகிறாள்.

பிரான்சில் 1816 முதல் 1884 வரை விவாகரத்தே கிடையாது. அவளுக்குத் திறந்திருந்த வழிகள் காதலர்களும் ஜவுளிக்கடைக்காரன் லெரோ நீட்டும் கடன் சீட்டுகளும். கடைசியில் 8,000 ஃபிராங்குக்கு ஜப்தி வந்து நிற்கிறது. அப்போது மருந்துக்கடைப் பையனிடம் அவள் ஒரு சாவி கேட்கிறாள், ஆர்சனிக் வைத்திருக்கும் மாடி அறையின் சாவி. நாவல் முழுக்க அவள் கேட்டுக் கிடைத்த ஒரே சாவி அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இதை 1886இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததும் எலினார் மார்க்ஸ்தான். இலவசமாக இணையத்தில் பரவியிருப்பது அந்த மொழிபெயர்ப்பு. எலினாரும் 1898இல் விஷம் குடித்து இறந்தார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கடைசி அத்தியாயங்களை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை.

நாவல் படித்துப் பழகிய கைக்கு, இரண்டாவதோ மூன்றாவதோ நூலாக இது பொருந்தும்.

## எஃபி ப்ரீஸ்ட் – தியோடோர் ஃபொன்டான

தோட்டத்தில் தோழிகளோடு விளையாடிக்கொண்டிருந்த 17 வயது எஃபியை உள்ளே கூப்பிட்டு, 38 வயது இன்ஸ்டெட்டனுக்கு நிச்சயம் செய்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அவள் அம்மாவைக் கேட்டவர் அவர். நல்ல உத்தியோகம், நல்ல பெயர். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. ஐந்தில் நம் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் காட்சி இதுதான்.

புதுப்பெண்ணாகப் போன கடலோரச் சிற்றூரில் தனிமை, பயம், இன்னொருவனோடு ஒரு தவறு. ஊர் மாறி வருடங்கள் ஓடிவிடுகின்றன. எஃபி வெளியூரில் இருக்கும் சமயம் மகள் அன்னி விழுந்து நெற்றியில் அடிபடுகிறாள். கட்டுத்துணி தேடி வேலைக்காரிகள் எஃபியின் தையல் மேஜைப் பூட்டை நெம்பித் திறக்க, சிவப்பு நூலில் கட்டிய பழைய கடிதங்கள் வெளியே விழுகின்றன. இன்ஸ்டெட்டனுக்குக் கோபம்கூட வரவில்லை, மனைவிமேல் இன்னும் ஆசை இருக்கிறது. ஆனாலும் ஊர் என்ற ஒன்று இருக்கிறதே என்று அந்த ஆளோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போகிறார், அவளை விலக்கிவைக்கிறார்.

வருடங்கள் கழித்து அன்னியைப் பார்க்க எஃபிக்கு அனுமதி கிடைக்கிறது. அம்மா எதைக் கேட்டாலும் குழந்தை ஒரே பதிலைச் சொல்கிறது: "கட்டாயம், எனக்கு அனுமதி இருந்தால்." மூன்றாவது முறை அதைக் கேட்டதும் எஃபி உடைந்துபோகிறாள். அதட்டலில்லாமல் ஒரு குழந்தையை எப்படிப் பூட்ட முடியும் என்று இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆறுதலுக்கு ஒன்று. கதைக்கு மூலமான எலிசபெத் ஃபொன் ஆர்டென் விவாகரத்துக்குப் பின் செவிலியாக வேலை பார்த்து, 1952 வரை வாழ்ந்தார்.

செலவு என்றால் மொழிபெயர்ப்பு. இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆங்கில வடிவம் சுருக்கப்பட்டது. காசு கொடுத்து முழு நூலை வாங்குவது நல்லது. மெதுவாக நகரும் கதை, அவசரக்காரர்களுக்குப் பிடிக்காது.

## யாருக்கு எது?

வட்டமாகப் படிப்பவர்கள் பொம்மை வீட்டில் தொடங்குங்கள். ஒரே அமர்வில் முடியும், யாரும் 'படிக்கலை' என்று ஒதுங்கி உட்கார மாட்டார்கள். அடுத்த மாதத்துக்கு டெனன்ட். நோரா போன பிறகு வெளியே அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். அதற்கான பதிலில் பாதியை 31 வருடம் முன்னாலேயே ஆன் பிரான்டே எழுதி வைத்திருக்கிறார்.

தனியாகப் படிப்பவர்கள் நேரே டெனன்ட்டுக்கே போகலாம். சிறுகதையில் தொடங்கி நாவலுக்கு வர நினைப்பவர்களுக்கு வால்பேப்பர், அதன்பின் எஃபி. இரண்டிலும் கணவர்கள் நல்லவர்கள் என்று ஊர் சொல்லும், அடுத்தடுத்துப் படித்தால் அது பளிச்சென்று தெரியும். பொவாரியையும் எஃபியையும் மட்டும் ஒட்டி ஒட்டிப் படிக்காதீர்கள். இரண்டிலும் கடைசியில் ஒரு சின்னப் பெண் தனியாக நிற்கிறாள், எம்மாவின் மகள் பஞ்சாலை வேலைக்குப் போகிறாள். நான் ஒரே மாதத்தில் இரண்டையும் படித்துவிட்டு வெகுநாள் வேறு நாவலைத் தொடவில்லை.

கல்யாணம் நிச்சயமான தங்கைக்கோ தோழிக்கோ பரிசு கொடுக்க எது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். டெனன்ட், முழுப் பதிப்பு. 40ஆம் அத்தியாயத்தில் ஒரு பக்க அடையாளம் வைத்துக் கொடுங்கள்.